எண்ணெயைக் குறைத்தாச்சு, அந்த இடத்தில் என்ன வந்தது?

கொலஸ்ட்ரால் கூடியிருக்கிறது என்று ரிப்போர்ட் வந்த அன்றைக்கே எண்ணெய் பாட்டில் அலமாரியின் பின்வரிசைக்குப் போய்விடும், வெண்ணெய் காணாமல் போகும், முட்டையின் மஞ்சள் கரு குப்பைக்குப் போகும். வேகம் நல்லதுதான். ஆனால் பசி எங்கேயும் போகாதே! வயிற்றில் காலியான இடத்தை ஏதோ ஒன்று நிரப்பத்தான் போகிறது. அது என்ன என்று கேட்காமல் விடுவதுதான் கொழுப்பு விஷயத்தில் நாம் செய்கிற முக்கால்வாசித் தவறுகளுக்கு வேர்.

நானே செய்தேன். கொழுப்பு குறைந்தது என்று பாக்கெட்டில் போட்டிருந்த பிஸ்கட்டும் பழ ருசி சேர்த்த தயிருமாக ஒரு வருடம் ஓட்டினேன், அடுத்த பரிசோதனையில் ட்ரைகிளிசரைடு, அதாவது ரத்தத்தில் ஓடுகிற ஒரு வகைக் கொழுப்பு, முன்பைவிட ஏறியிருந்தது. காரணம் எளிது. கொழுப்பை எடுத்தால் ருசியும் வழுவழுப்பும் கூடவே போய்விடும், அதை ஈடுகட்டப் பல தயாரிப்புகளில் சர்க்கரையும் மாவுச்சத்தும் சேர்க்கிறார்கள், தேவைக்கு மேல் வந்த சர்க்கரையைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் அனுப்பிவிடுகிறது. கொழுப்பே சாப்பிடாமல் ரத்தத்தில் கொழுப்பு ஏறுவது இப்படித்தான். மதுவும் இதே வேலையைச் செய்யும். (சர்க்கரை சேர்க்காத, கொழுப்பு நீக்கிய பாலை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது பாவம், ஒன்றும் செய்யவில்லை.)

அமெரிக்காவில் சுமார் 48,800 பெண்களை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது, முடிவு 2006-ல் வந்தது. ஒரு பிரிவினரை மொத்தக் கொழுப்பைக் குறைத்து, காய், பழம், தானியத்தைக் கூட்டிச் சாப்பிடச் சொன்னார்கள். எட்டு வருடம் கழித்துப் பார்த்தால் மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. இதைக் காட்டி, பார்த்தீர்களா, கொழுப்புக்கும் இதயத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அதுவும் தவறான முடிவு. அந்த ஆய்வில் நல்லது கெட்டது பார்க்காமல் எல்லாக் கொழுப்பும் சேர்ந்து குறைந்தது. வெண்ணெய், கொழுத்த இறைச்சி போன்றவற்றில் நிறைய இருக்கிற நிறைவுற்ற கொழுப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கொட்டைகள், மீன், சூரியகாந்தி, சோயா, ஆலிவ் மாதிரியான எண்ணெய்களின் நிறைவுறாக் கொழுப்பை வைத்தால் கெட்ட கொலஸ்ட்ரால் என்று சொல்கிற எல்.டி.எல். இறங்குகிறது, இதய நோய் ஆபத்தும் குறைகிறது. அதே இடத்தில் மைதாவையும் சர்க்கரையையும் வைத்தால் பெரிதாக ஒரு லாபமும் கிடையாது. எடுத்தது ஒன்றுதான், வைத்தது வேறு.

சிலர் இன்னும் ஒரு படி மேலே போய்க் கொழுப்பை அடியோடு நிறுத்திவிடுவார்கள். 1929-ல் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்ற தம்பதி எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத உணவு கொடுத்துப் பார்த்தார்கள். தோல் செதில் செதிலாக உரிந்தது, வளர்ச்சி நின்றது. லினோலிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் கொடுத்ததும் தேறின. அதுவும் ஆல்ஃபா லினோலெனிக் அமிலமும் நம் உடம்பால் செய்துகொள்ள முடியாதவை, சாப்பாட்டில்தான் வரவேண்டும். ஏ, டி, ஈ, கே வைட்டமின்கள் உடம்பில் சேரவும் கொழுப்பு வேண்டும். ஒரு சொட்டு எண்ணெய் விடாத சாலட்டில் கேரட்டின் சத்து பெரும்பாலும் வீணாகிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. அப்புறம் பித்தப்பை. கொழுப்பு வந்தால்தான் அது சரியாகச் சுருங்கிப் பித்தத்தை வெளியே தள்ளும். பட்டினி மாதிரி இருந்து வேகமாக எடை குறைக்கிறவர்களுக்குப் பித்தக்கல் வர அதுவும் ஒரு காரணம்.

சரி, நல்ல எண்ணெய்க்கு மாறியாச்சு, இனிமேல் எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாமா? இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். எந்த எண்ணெயானாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரி. மேசைக்கரண்டி ஒன்றுக்கு ஏறக்குறைய 120 கலோரி. ஆலிவ் ஆனாலும் அதேதான், செக்கில் ஆட்டியதானாலும் அதேதான். செக்கில் ஆட்டினால் மணமும் சில நுண்சத்துகளும் தங்கும், கொழுப்பு அமிலங்களின் கணக்கு மாறாது. தேங்காய் எண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு, எப்படி ஆட்டினாலும் அதை மாற்ற முடியாது. ருசிக்காகக் கொஞ்சம் சேர்ப்பதில் தப்பில்லை, மருந்து என்று கரண்டி கரண்டியாகக் குடிப்பதைத்தான் வேண்டாம் என்கிறேன். பாட்டிலில் 'கொலஸ்ட்ரால் இல்லை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் சிரித்துவிட்டு நகருங்கள், எந்தத் தாவர எண்ணெயிலும் கணக்கில் வருகிற அளவுக்குக் கொலஸ்ட்ரால் கிடையாது.

சாப்பாட்டில் இருக்கிற கொலஸ்ட்ரால் அப்படியே ரத்தத்தில் ஏறும் என்ற குழப்பம்தான் முட்டைக்கும் பழி சுமத்தியது. ரத்தத்தில் ஓடுகிற கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியைக் கல்லீரல்தான் செய்கிறது. சாப்பாட்டில் வருவது கூடினால் பெரும்பாலானவர்களுக்கு அது தன் உற்பத்தியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளும். எல்.டி.எல்.-ஐ அதிகம் ஏற்றுவது நிறைவுற்ற கொழுப்பு, ஏனென்றால் ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.-ஐ இழுத்து எடுக்கிற கல்லீரலின் வாசல்களை அது குறைத்துவிடுகிறது. நாளைக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கொலஸ்ட்ரால் கூடாது என்ற பழைய எண்ணை அமெரிக்காவின் 2015-2020 உணவு வழிகாட்டுதலில் எடுத்துவிட்டார்கள். அதற்காக ஆறு முட்டையை வெண்ணெயில் பொரித்து, பக்கத்தில் பன்றி இறைச்சியும் வைத்துவிட்டு முட்டையைக் குற்றம் சொல்லக் கூடாது. சர்க்கரை நோய் இருப்பவர்கள், எல்.டி.எல். ஏற்கெனவே உயர்ந்திருப்பவர்கள் மட்டும் எத்தனை என்று மருத்துவரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

ட்ரான்ஸ் கொழுப்புக்கு மட்டும் எந்தச் சமாதானமும் கிடையாது. திரவ எண்ணெயில் ஹைட்ரஜனைப் பாதி ஏற்றிக் கெட்டியாக்கும்போது உண்டாவது இது. எல்.டி.எல்.-ஐ ஏற்றி, நல்ல கொலஸ்ட்ரால் என்று சொல்கிற எச்.டி.எல்.-ஐ இறக்குகிறது, இரண்டு பக்கமும் நஷ்டம். டென்மார்க் 2003-லேயே சட்டம் போட்டு அளவு வைத்தது, உலக சுகாதார நிறுவனம் 2018-ல் எல்லா நாடுகளையும் இதை உணவிலிருந்து நீக்கச் சொன்னது. பாக்கெட்டில் 0 கிராம் என்று பார்த்ததும் நிம்மதி அடைவது இங்கே நடக்கிற தவறு. ஒரு பரிமாறலுக்கு அரை கிராமுக்குக் கீழே இருந்தால் 0 என்று போட அமெரிக்கா போன்ற சில நாடுகளில் விதி இடம் கொடுக்கிறது. பரிமாறல் என்று அவர்கள் சொல்வது இரண்டு பிஸ்கட்டாக இருக்கும், நாம் தின்பது பத்து. எனவே பொருள் பட்டியலைப் படியுங்கள். பகுதி ஹைட்ரஜனேற்றம் செய்த எண்ணெய் என்று இருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள்.

பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சுவதும் அப்படித்தான். காயக் காய ஆக்சிஜனோடு சேர்ந்து உடைந்து ஆல்டிஹைடு மாதிரியான, உடம்புக்கு ஆகாத பொருள்கள் உண்டாகின்றன. நிறம் கருத்து, பிசுபிசுத்து, நுரை கட்டினால் கொட்டிவிடுங்கள், மனசு கேட்காதுதான்.

மீன் எண்ணெய் மாத்திரை? மீன் சாப்பிடுவதற்கு அது ஈடாகாது. அளவு கூடினால் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறும் ஆபத்து கொஞ்சம் கூடுவதாகவும் ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது, ட்ரைகிளிசரைடு மிக அதிகம் உள்ளவர்களுக்கு மருத்துவர் எழுதிக் கொடுப்பது வேறு கதை.

கடைசியாக ரிப்போர்ட்டைப் படிக்கும் விதம். 'எச்.டி.எல். நிறைய இருக்கிறது, எனக்கு ஒன்றும் ஆகாது' என்று சொல்கிறவர்களுக்கு ஒரு செய்தி: எச்.டி.எல்.-ஐ எழுபது சதவீதம் போல ஏற்றிய டார்செட்ரபிப் என்ற மருந்தின் சோதனையை 2006-ல் பாதியில் நிறுத்தினார்கள், மருந்து எடுத்தவர்களிடையே மரணம் கூடியதால். அந்த ஒரு எண் உயர்ந்திருப்பது கவசம் ஆகிவிடாது. ஒல்லியாக இருப்பதும் அப்படித்தான். உடம்பில் ஒரு கிலோ அதிகம் இல்லாமல் எல்.டி.எல். 190-ஐத் தாண்டி நிற்கிறவர்கள் உண்டு, அவர்களில் சிலருக்கு அது பரம்பரையாக வருவது, எண்ணெயை எவ்வளவு குறைத்தாலும் போதுமான அளவு இறங்காது, மருந்து வேண்டும். அப்படி ஒரு எண் வந்தால் உங்களோடு நிறுத்தாமல் கூடப் பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ரத்தம் பார்த்துவிடுங்கள். பெற்றோரில் ஒருவருக்கு இந்தப் பரம்பரைக் கோளாறு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர ஐம்பது சதவீத வாய்ப்பு இருக்கிறது.