ஆங்கிலம் வாசிக்கப் பழக்கும்போது வாலில் ஒட்டும் ‘உ’

புதிதாக ஃபோனிக்ஸ் (எழுத்துகளின் ஒலியைக் கூட்டி வாசிக்கப் பழக்கும் முறை) எடுக்க வரும் டீச்சர்களின் வகுப்பில் பின்பெஞ்சில் உட்கார்ந்து கவனிப்பது என் வேலை. எழுத்தின் பெயர் வேறு, ஒலி வேறு என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிட்டு, நான் அடிக்கடி பார்க்கும் மற்ற தவறுகளைச் சொல்கிறேன்.

ஒலியோடு ‘உ’ சேர்ப்பது

இதைக் கேட்டால் இன்னமும் எரிச்சல் வருகிறது. போன மாதம் ஒரு யுகேஜி வகுப்பு. டீச்சர் ‘சன்’ அட்டையைக் காட்டி, “ஸு… அ… னு” என்றார். பிள்ளைகளும் கணீரென்று “ஸு… அ… னு”. சேர்த்துச் சொல்லச் சொன்னால் “ஸுவனு”! ஒருத்தி மட்டும் படத்தைப் பார்த்து “சூரியன்!” என்று கத்தினாள். டீச்சர் “வெரி குட்” சொல்லிக் கைதட்டினார். அவள் எங்கே வாசித்தாள்? படத்துக்குப் பெயர் சொன்னாள்.

மற்ற பிள்ளைகள் செய்ததிலும் தப்பில்லை. மூன்று ஒலி கொடுக்க வேண்டிய இடத்தில் ஐந்தைக் கொடுத்தோம். அவர்கள் ஐந்தையும் ஒழுங்காகச் சேர்த்தார்கள்.

பஸ்ஸு, கப்பு என்று பேசிப் பழகிய வாய் நம்முடையது. பேச்சில் அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. ஒலி கூட்டும்போதுதான் குறுக்கே நிற்கும். சிலர் ‘உ’வை விட்டுவிட்டு முன்னால் ‘இ’ போடுவார்கள்: “இஸ்… அ… இன்”. ‘இக், இங், இச்’ என்று மெய்யெழுத்தை ஒப்பித்த பழக்கம். ம் + ஆ = மா என்று தமிழ் வகுப்பில் போர்டில் எழுதுகிற அதே கை, ஆங்கில வகுப்பில் புள்ளியை ஏன் தொலைக்கிறது என்று எனக்குப் புரியவே இல்லை.

இழுக்க வருகிற ஒலிகளில் தொடங்குங்கள்: ஸ், ம், ன், ஃப், ல். மூச்சை நிறுத்தாமல் “ஸ்ஸ்ஸ்அஅஅன்ன்ன்” என்று வழுக்கிக்கொண்டு போனால் வார்த்தை தானாகக் காதில் விழும். கப்பில் வரும் க், ப் போன்றவை இழுக்க வராது. கிசுகிசுப்பாக, சட்டென்று வெட்டிச் சொல்லுங்கள். பஸ்ஸின் முதல் ஒலி மாதிரிக் கனத்தவற்றில் துளி உயிர் ஒட்டத்தான் செய்யும். நீட்டாமல் இருந்தால் போதும்.

எழுத்தை எண்ணுவது

ஃபிஷ்ஷில் எழுத்து நான்கு, ஒலி மூன்று. பாக்ஸில் எழுத்து மூன்று, ஒலி நான்கு. 26 எழுத்தை வைத்துக்கொண்டு ஏறத்தாழ 44 ஒலிகளைச் சமாளிக்கும் மொழி அது. குழந்தை காதால் கேட்டு விரல் மடக்கட்டும்.

ஏ, பி, சி வரிசையிலேயே போவது

எஸ், ஏ, டைகரின் டி, பென்சிலின் பி, ஐ, என். இந்த ஆறும் தெரிந்தாலே சிட், டின், பின், டேப் (குழாய்) எல்லாம் வாசிக்கலாம்.

பெரிய எழுத்தில் தொடங்குவது

புத்தகத்தைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் சின்ன எழுத்துதான்.

அரை மணி நேரப் பாடம்

பத்து நிமிடம். தினமும்.

‘பிக்’ என்றால் எது?

பன்றியா, பெரியதா? இரண்டுக்கும் தமிழில் ஒரே ‘ப’ என்பதால் சில பிள்ளைகளுக்கு வித்தியாசமே கேட்காது. எழுத்தைக் காட்டித் திருத்தாதீர்கள். பன்றிப் படம் ஒன்று, பெரிய யானைப் படம் ஒன்று வைத்து மாற்றி மாற்றிச் சொல்லுங்கள், தொட்டுக் காட்டட்டும். தடுமாறாமல் தொட ஆரம்பித்த பிறகு எழுத்து அட்டையை எடுக்கலாம்.