எபாக்சி ரெசின் கலக்கும்போது சூடும் புகையும்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில், ஒரு மே மாத மத்தியானம். பூவரசம் பலகையில் இருந்த வெடிப்பை அடைக்க, அரை லிட்டர் எபாக்சியை (ரெசின், ஹார்டனர் என்ற இரண்டு திரவங்கள், கலந்தால் கெட்டியாக இறுகும்) ஒரே பிளாஸ்டிக் மக்கில் கலந்து வைத்துவிட்டுப் பலகையைத் துடைக்கப் போனேன். திரும்பி வந்தால் மக்கிலிருந்து வெள்ளைப் புகை வருகிறது. தொட்டதும் கை சுட்டது, மக்கின் அடி இளகியிருந்தது. அன்று பிடித்த இருமல் இரண்டு நாள் விடவில்லை. நீங்களும் அதே தப்பைச் செய்துவிடக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

ரெசினும் ஹார்டனரும் சேர்ந்து இறுகும்போது சூடு வெளிவரும். ஈர நெல்லைக் குவித்து வைத்தால் உள்ளே சூடேறும், களத்தில் பரப்பிவிட்டால் ஏறாது, இல்லையா? காரணம் வேறு என்றாலும் இங்கேயும் நடப்பது அதுதான். பலகையில் மெல்லிசாகப் பரவிய ரெசினின் சூடு காற்றில் போய்விடும். கப்பில் குவிந்து கிடந்தால் போக வழியில்லை. சூடு ஏற ஏற வேகமாக இறுகும், வேகமாக இறுக இறுக இன்னும் சூடேறும். டப்பாவில் போட்டிருக்கும் வேலை நேரம், அதாவது கலந்தபின் ஊற்றும் பதத்தில் இருக்கும் நேரம், பெரும்பாலும் 25 டிகிரி கணக்கு. 10 டிகிரி கூடினால் அது ஏறக்குறைய பாதியாகும். 40 நிமிடம் என்று போட்டிருப்பது நம்மூர் 35 டிகிரியில் 20 நிமிடம்தான். கப்பில் அளவு அதிகமானால் அதுவும் கிடைக்காது.

1. நேரமும் இடமும்

சித்திரை, வைகாசியில் விடிகாலையில் வேலையை முடியுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் சூடு குறைவு, ஆனால் ஈரக்காற்றில் மேற்பரப்பில் பிசுபிசுப்பான படலம் படியலாம். காற்றோட்டமான தாழ்வாரம் நல்லது. அறைக்குள் என்றால் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து, ஒரு ஜன்னலில் ஃபேனை வெளியே பார்த்து வையுங்கள். பக்கத்தில் அடுப்போ குழந்தைகளோ வேண்டாம்.

2. உடம்பைக் காப்பது

நைட்ரைல் கையுறை, முழுக்கைச் சட்டை, பாதுகாப்புக் கண்ணாடி. ஆவிக்குத் துணி மாஸ்க்கும் என்95 மாஸ்க்கும் உதவாது. ஆர்கானிக் வேப்பர் கார்ட்ரிட்ஜ் (ரசாயன ஆவியைப் பிடித்துக்கொள்ளும் வடிகட்டி) பொருத்திய ரெஸ்பிரேட்டர் வேண்டும், அது முகத்தோடு இறுக்கமாக ஒட்டும் மாஸ்க். தாடி இருந்தால் ரெஸ்பிரேட்டர் முகத்தோடு ஒட்டாது, இடுக்கு வழியே ஆவி உள்ளே வந்துவிடும். வாசனை இல்லை என்பதால் ஆபத்து இல்லை என்று நினைக்காதீர்கள். ஹார்டனரில் இருக்கும் அமீன்கள் என்ற ரசாயனங்களும் ரெசினும் தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால், பிறகு அது போவதில்லை. கொஞ்சம் பட்டாலே அரிக்கும். கையில் பட்டால் தின்னர் ஊற்றித் துடைக்காதீர்கள், அது ரெசினைத் தோலுக்குள் இன்னும் இறக்கிவிடும். சோப்பும் தண்ணீரும் போதும்.

3. அளப்பது

விகிதம் எடையிலா, கொள்ளளவிலா என்று டப்பாவைப் பாருங்கள். இரண்டும் ஒன்றல்ல. நாகப்பட்டினம் பக்கம் ஃபைபர் படகு வேலை தெரிந்தவர்கள், “ரெண்டு சொட்டு கூட விடு, சீக்கிரம் இறுகும்” என்பார்கள். அது அவர்கள் புழங்கும் பாலியெஸ்டர் ரெசினுக்குச் சரி. எபாக்சியில் ஹார்டனரும் ரெசினோடு சேர்ந்து இறுகும் கூட்டாளி, அதனால் டப்பாவில் சொன்ன விகிதம் மாறக்கூடாது. கூடப் போட்டால் சரியாக இறுகாமல் பிசுபிசுவென்று நிற்கும்.

4. கலப்பதும் ஊற்றுவதும்

பழகும்வரை ஒரு தடவைக்கு 100 கிராமுக்கு மேல் வேண்டாம். பலகையைத் துடைத்து, டேப் ஒட்டி, எல்லாம் தயாரான பிறகே ஹார்டனரைத் தொடுங்கள். மூன்று நிமிடம் நிதானமாக, ஓரமும் அடியும் வழித்துக் கலக்குங்கள். கலந்ததும் உடனே ஊற்றுங்கள், அல்லது அகலமான பிளாஸ்டிக் தட்டில் பரப்பிக்கொண்டு அதிலிருந்து எடுங்கள். ஆழமான வெடிப்பை ஒரே ஊற்றில் நிரப்பாதீர்கள். ஒவ்வொரு ஊற்றும் எவ்வளவு தடிமன் இருக்கலாம் என்று டப்பாவில் இருக்கும். முந்தைய ஊற்று ஆறிய பிறகே அடுத்தது.

5. கப் சூடேறிவிட்டால்

அடியைத் தொட்டால் வெதுவெதுப்பு, குச்சியைத் தூக்கினால் நூல் போல இழுவை: இதுதான் முதல் அறிகுறி. ஓடும் பதத்தில் இருந்தால் உடனே தட்டில் பரப்பிவிடுங்கள். புகை வந்துவிட்டால் குனிந்து பார்க்காதீர்கள். ரெஸ்பிரேட்டரோடு, கப்பை இடுக்கியால் பிடித்து வெளியே மணல் மேல் வையுங்கள். வைக்கோல் போர், சருகு எதுவும் அருகில் இருக்கக்கூடாது. காற்று வரும் பக்கமாக விலகி நில்லுங்கள். கிட்டே போக முடியாத அளவு புகை என்றால் கப்பை விட்டுவிட்டு நீங்கள் வெளியேறுங்கள். ரெசினோ ஹார்டனரோ கண்ணில் பட்டால் 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள். மூச்சுத் திணறினால் தாமதிக்கவே வேண்டாம்.

6. மிச்சம்

மீந்ததைக் காகிதமும் மரத்தூளும் கிடக்கும் குப்பைக் கூடையில் போட்டால் தீப்பிடிக்கலாம். வாய்க்காலில் கொட்டுவது பெரிய பாவம், மீனும் மாடும் அந்தத் தண்ணீரில்தான் இருக்கின்றன. தட்டிலேயே முழுக்க இறுகி, ஆறிய பிறகு குப்பையில் போடுங்கள். உப்புத்தாள் போடுவதையும் டப்பாவில் சொன்ன நாள் கழியும்வரை தள்ளிப்போடுங்கள். அரைகுறையாக இறுகிய ரெசினின் தூசியிலும் அதே ஒவ்வாமை உண்டு. தேய்க்கும்போதுதான் என்95 மாஸ்க்குக்கு வேலை. தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் தூசி பறக்காது.