சிரிப்பை அவர்களே தொடங்கட்டும்

முதியவர்களையும் நோயாளிகளையும் வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "டயப்பர் மாத்துறதும் திட்டு வாங்குறதுமா இருக்கு, நீங்க மட்டும் எப்படிக்கா சிரிச்ச முகமா இருக்கீங்க?" அதற்கென்று சில பழக்கங்கள் உண்டு.

முதல் சில நாட்கள் நீங்களாக வேடிக்கை பேசாதீர்கள். நீங்கள் பார்த்துக்கொள்பவர் எதற்குச் சிரிக்கிறார், எதற்கு முகம் சுளிக்கிறார் என்று மட்டும் பாருங்கள். நான் பார்த்துக்கொண்ட ஒருவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். படுக்கைப்புண் வராமலிருக்க அவரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பேன். ஒவ்வொரு தடவையும், "விடை எப்பவும் பின்பக்கம்தான் இருக்கும், பார்த்துக்கோ" என்பார். இருவரும் சிரிப்போம். அதை அவர் சொல்லலாம். நான் சொல்லியிருந்தால் ஒரு பெரிய மனிதரைக் கேவலப்படுத்தியதாக ஆகியிருக்கும். தன் உடம்பைப் பற்றிய வேடிக்கை அந்த உடம்புக்காரருக்கே சொந்தம். கதவைச் சாத்தி, துடைக்கிற இடத்தைத் தவிர மற்றதைத் துண்டால் மூடி, அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லிவிட்டுத் தொடுங்கள். கூச்சம் குறைந்தால் பேச்சு தானாக வரும்.

மறதிநோய் உள்ளவர்களிடம் திருத்தும் வேலை வேண்டாம். ஒரு அம்மா மாலையானால் பள்ளிக்கூடம் கிளம்பிவிடுவார். "ஐயா பெல் அடிச்சிட்டாரா?" என்று தவிப்பார். உங்களுக்கு எண்பது வயது என்று சொன்னால் அழுகைதான் வரும். "இன்னிக்கு என்ன பாடம்மா?" என்று கேட்பேன். பக்கத்து பெஞ்சுப் பெண்ணின் குறும்பையெல்லாம் சொல்லிச் சிரிப்பார். நடந்தது சீக்கிரம் மறந்துபோனாலும் அது தந்த மனநிலை அதற்குப் பிறகும் தங்குகிறது. அந்தச் சிரிப்போடு படுத்தால் ராத்திரி எல்லோருக்கும் எளிது. ஆனால் ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் கூடினால் வேடிக்கையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சிறுநீர்த் தொற்று, உடம்பில் நீர் குறைவது, புது மாத்திரை என்று காரணம் இருக்கலாம். அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள்.

பக்கவாதத்தில் பேச்சுப் போனவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தண்ணீர் என்ற ஒரு வார்த்தை வராமல் திணறுகிறவர் சில சமயம் பழைய பாட்டை வரி தவறாமல் பாடுவார், நன்றாகத் திட்டவும் செய்வார். பழகிப்போன சொற்கள் மூளையில் வேறு வழியாகவும் வெளியே வரும். சட்டை போடும்போது பலவீனமான கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது அது கடைசி. அப்படி நுழைத்துக்கொண்டிருந்தபோது ஒருவர், பல வாரங்களாக ஊமையாகக் கிடந்தவர், கணீரென்று ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். அறையே அமைதியானது. நான் அவர் கண்ணைத்தான் பார்த்தேன். அது சிரித்தது, அப்புறம்தான் நாங்கள் சிரித்தோம். அவர் மனைவி சிரித்துக்கொண்டே அழுதார். இந்த வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய பரிசுகளில் அதுவும் ஒன்று.

வாயில் உணவு இருக்கும்போது மட்டும் யாரையும் சிரிக்க வைக்காதீர்கள். விழுங்கச் சிரமப்படுபவருக்கு அந்த உணவு மூச்சுக்குழாயில் போய் நுரையீரல் வரை கெடுத்துவிடும். நிமிர்ந்து உட்கார வைத்து ஊட்டுங்கள், முடிந்தபின் அரை மணி நேரமாவது அப்படியே உட்காரட்டும். கதை பேச அதுதான் நல்ல நேரம். காது மந்தமானவரிடம் கத்த வேண்டாம். கீச்சுக் குரல்தான் முதலில் கேட்காமல் போகும். முகத்துக்கு நேரே, குரலைத் தாழ்த்தி நிதானமாகப் பேசினால் போதும்.

யாருடைய வேடிக்கையையும் செல்போனில் வீடியோ எடுக்காதீர்கள். குடும்பத்தாரே கேட்டாலும் அவர் சம்மதமில்லாமல் கூடாது. இன்னொன்று, "இது சேவைதானே" என்று சொல்லிச் சம்பளத்தையும் லீவையும் குறைக்கிறவர்களிடம் சிரித்து மழுப்ப வேண்டாம். தூக்கமும் சரியான கூலியும் இல்லாதவரிடம் பொறுமை எங்கிருந்து வரும்?

நன்றி என்ற சொல்லை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். சொல்ல முடியாதவர்கள்தான் நம்மிடம் அதிகம். அதனால் மருந்து, சிறுநீர், மலம் எல்லாம் எழுதுகிற டியூட்டி நோட்டில் இன்னொரு வரியும் எழுதுங்கள். "சட்டைப் பட்டன் இரண்டைத் தானே போட்டார்." நீங்கள் போட்டால் ஒரு நிமிடம், அவர் போட்டால் கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரத்தைக் கொடுங்கள். எழுதி வைத்தால் அடுத்த ஷிஃப்டுக்கு வருபவரும் அவசரப்பட்டுக் கையை நீட்டாமல், மூன்றாவது பட்டனுக்காகக் காத்திருப்பார்.