தெருமுனைக்கு பஸ் வருகிறது என்று கல்லூரி சேராதீர்கள்

2008-ல் நான் என் கல்லூரியைத் தேர்ந்தெடுக்க ஒரே காரணம், அதன் பஸ் தஞ்சாவூர் பக்கத்துப் பாபநாசத்தில் எங்கள் தெருமுனைக்கே வந்தது. நான்கு வருடம் ஜன்னலோரமாக வயல் பார்த்துக்கொண்டு போய்வந்தேன். கடைசி வருடம் கேம்பஸுக்கு வந்த கம்பெனி இரண்டு. இப்போது அதே ஊரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். மே மாதம் ஆனால் மேட்டூர் ஜூன் 12-ல் திறப்பார்களா என்ற பேச்சோடு, பிள்ளையை எங்கே சேர்ப்பது என்ற பேச்சும் கடைக்கு வந்துவிடும்.

படி 1: கட் ஆஃப்

இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு +2 மார்க்கை 200-க்கு மாற்றுவார்கள்: கணிதம் 100-க்கு, இயற்பியல் 50-க்கு, வேதியியல் 50-க்கு. கணிதத்தில் 84, இயற்பியலில் 78, வேதியியலில் 82 எடுத்திருந்தால் 84 + 39 + 41 = 164. போன வருடம் எந்தக் கல்லூரியில், எந்தப் பிராஞ்சில், உங்கள் வகுப்புப் பிரிவுக்கு எவ்வளவில் முடிந்தது என்பது கவுன்சிலிங் தளத்திலேயே இருக்கிறது.

படி 2: இன்ஜினியரிங் மட்டும்தானா?

"தம்பி, கம்ப்யூட்டர் சயின்ஸ் போட்டுடுப்பா, எல்லாரும் அதான் சேக்குறாங்க" என்பார் அப்பா. பையன் வாயே திறக்க மாட்டான். அவனைத் தனியாகக் கேட்டால் அரசு வேலைக்கு குரூப் 2 தேர்வு எழுத வேண்டும் என்பான். அதற்கு ஏதாவது ஒரு டிகிரி போதும். 1854-ல் தொடங்கிய கும்பகோணம் அரசு கலைக் கல்லூரி பக்கத்திலேயே இருக்க, லட்சக்கணக்கில் கடன் வாங்குவானேன்?

தஞ்சாவூரில் உணவுத் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு தேசிய நிறுவனம் இருக்கிறது, நிஃப்டெம். அறுவடையில் நனைந்த நெல்லை என்ன செய்வது என்று ஆராய்வதில் தொடங்கிய இடம் அது. அங்கே பி.டெக். சேர ஜேஇஇ மெயின் என்ற தேசிய நுழைவுத் தேர்வு வேண்டும். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு கியூட் என்ற பொது நுழைவுத் தேர்வு. இரண்டுக்கும் +2 ரிசல்ட் வரும் முன்பே விண்ணப்பம் முடிந்துவிடும். ரிசல்ட் அன்று வந்து கேட்பவர்களுக்கு நான் உதடு பிதுக்குவதைத் தவிர வழியில்லை. ஈச்சங்கோட்டை வேளாண் கல்லூரிக்கும் நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகத்துக்கும் +2 மார்க் போதும். ஆனால் இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் அவை வராது, தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

படி 3: பேனரை விட்டுவிட்டு கணக்கைப் பாருங்கள்

பிளெக்ஸில் "18 லட்சம் பேக்கேஜ்" என்று ஒரு மாணவனின் முகம் சிரிக்கும். ஐந்து பேருக்கு வேலை கிடைத்தது, சம்பளம் 2.2, 2.4, 2.5, 3, 18 லட்சம் என்று வையுங்கள். சராசரி 5.6 லட்சத்தைத் தாண்டும். வரிசையில் நடுவில் நிற்பவனுக்கு 2.5 லட்சம்தான். உங்கள் பிள்ளைக்குக் கிடைக்க வாய்ப்புள்ள தொகை அந்த நடு எண்.

அது எங்கே கிடைக்கும்? என்ஐஆர்எஃப் என்ற மத்திய அரசின் தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள் கொடுத்த தகவல் பிடிஎஃப் ஆக அந்தந்தக் கல்லூரியின் தளத்திலேயே இருக்கும். அதில் நான்கு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: முதலாண்டில் சேர்ந்தவர்கள், உரிய காலத்தில் முடித்தவர்கள், வேலை பெற்றவர்கள், நடுச் சம்பளம். 150 பேர் முடித்து 75 பேருக்கு வேலை என்றால் பாதிக்குப் பாதி, பரவாயில்லை என்று தோன்றும். சேர்ந்ததே 240 பேர் என்றால்? மீதி 90 பேரில் பெரும்பாலோர் அரியரோடு நிற்பவர்கள். நானும் ஒரு வருடம் அந்த வரிசையில் நின்றவன்தான்.

அந்த பிடிஎஃப் கல்லூரி முழுவதுக்குமான கணக்கு, பிராஞ்ச் வாரியாக இருக்காது. அதற்குத்தான் அடுத்த படி.

படி 4: கேண்டீனில் கேளுங்கள்

வகுப்பு நடக்கும் நாளில் போங்கள். அட்மிஷன் அறையைக் கடந்து கேண்டீனுக்குப் போய், கடைசி வருடப் பிள்ளைகளிடம் ஒரு டீ வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள்: "தம்பி, வந்த கம்பெனில உங்க பிராஞ்சை உள்ள விட்டாங்களா?" சில கம்பெனிகள் கம்ப்யூட்டர், ஐ.டி. பிராஞ்சை மட்டும்தான் எடுக்கும்.

படி 5: சான்றிதழ்

ஆறு முதல் +2 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. வீட்டில் முதல் பட்டதாரி என்றால் அதற்கான சான்றிதழை இ-சேவையில் இப்போதே போடுங்கள்.

படி 6: சாய்ஸ் வரிசை

கவுன்சிலிங்கில் விரும்பும் கல்லூரிகளை வரிசையாகப் போட்டுக் கொடுக்க வேண்டும். அதிகம் தவறு நடப்பது இங்கேதான். போன வருடம் ஒரு பெண், "கிடைச்சாப் போதும்ணே" என்று வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரியை முதலில் போட்டுவிட்டுப் போனாள். அதுவே கிடைத்தது. மூன்றாவதாக எழுதியிருந்த அரசுக் கல்லூரியிலும் அவள் ரேங்குக்கு இடம் இருந்திருக்கிறது. கணினி மேலிருந்து பார்த்து வரும், முதலில் எது காலியோ அதைக் கொடுத்து நிறுத்திக்கொள்ளும். ஆகவே அதிகம் ஆசைப்படுவது மேலே, கட்டாயம் கிடைக்கக்கூடியது கடைசியில்.

ஒதுக்கீடு வந்ததும், இடத்தை ஏற்றுக்கொண்டு மேல் வரிசைக்கும் காத்திருக்கலாம். உறுதிசெய்யக் கெடு குறைவு. ஓடிபி வரும் போனை அன்றைக்கு அப்பா வயலுக்கு எடுத்துப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.