பொலேரோவின் பின்புறத்துக்குப் பைகள் தேர்ந்தெடுத்த அனுபவம்

இமயமலையின் மணாலி–லே சாலையில் பைகளுக்கு முதல் எதிரி மழை அல்ல. மாவைப் போன்ற புழுதியும், ஓயாத குலுக்கலில் ஏற்படும் உராய்வும்தான். எங்கள் பொலேரோவில் கிடந்த மெல்லிய பாலியெஸ்டர் பை ஒன்றின் அடித்துணியை, இழுவைப் பட்டையோடு வைத்திருந்த இரும்பு ஷாக்கிள் (பட்டையை வண்டியோடு இணைக்கும் U வடிவ வளையம்) தேய்த்துத் தேய்த்து, விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டிருந்தது. ஜிப்பின் பற்களுக்கிடையே மணல் ஏறி, ரன்னர் பாதியிலேயே நின்றுவிட்டது.

ஆகவே கருவிகளுக்கு, 1000 டெனியர் (நூலின் தடிமனைக் குறிக்கும் அளவு) நைலானில் இரட்டை அடித்துணியோடு, பிடிவார் பையின் அடியைச் சுற்றி வரும்படி தைக்கப்பட்ட பைகளையே வாங்கினேன். பிடிவாரை வாயோரத்தில் மட்டும் தைத்திருந்தால், முழு எடையும் அந்த நாலு தையலின்மேல்தான் விழும். கடையில் இதைப் புரட்டிப் பார்ப்பவர்கள் குறைவு.

உடைகளுக்கும் படுக்கைக்கும், ஜிப்பே இல்லாமல் வாயைச் சுருட்டிப் பூட்டும் பிவிசி பூசிய பைகளை வைத்துக்கொண்டேன். சுருட்டும் முன் காற்றை அழுத்தி வெளியேற்றிவிட வேண்டும்; 5,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இந்தச் சாலை கடக்கும் தங்லங் லா கணவாயில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய பாதிதான் என்பதால், உள்ளே அடைபட்ட காற்று விரிந்து பை உப்பிவிடும். குளிரில் பிவிசி விறைத்துப்போகும். புழுதி புகாத நன்மைக்காக அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஷாக்கிள்களைப் பழைய டியூப் துண்டுகளில் சுற்றி வைத்து, எல்லாப் பைகளையும் தரைக் கொக்கிகளோடு ராட்செட் பட்டையால் (நெம்பி இறுக்கும் பிடியுள்ள பட்டை) இறுக்கிக் கட்டினேன். மண்ணெண்ணெய் அடுப்பு மட்டும் தகரப் பெட்டிக்குப் போனது. இல்லையென்றால் அடுப்பின் கசிவும் வாடையும் படுக்கைவரை வந்துவிடும்.