ஸ்னோவில் விளையாடப் போகும் பிள்ளையை வெளிக்கிடுத்துவது எப்படி?

கனடாவில் முதல் விண்டரைச் சந்திக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். ஊரில் மார்கழிப் பனிக்கு ஒரு ஸ்வெற்றரும் தலையில் ஒரு துவாயும் போதும். ரொறன்ரோவில் தை மாதத்தில் -10 பாகைக்கு இறங்குவது சாதாரணம். அதற்காகப் பிள்ளையை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கவும் முடியாது. பள்ளிக்கூடத்தில் இடைவேளைக்கு வெளியேதான் விடுவார்கள்.

கடைக்குப் போனதும் எல்லோரும் தேடுவது இருப்பதிலேயே தடித்த ஜக்கெற்றைத்தான். ஆனால் பிள்ளையை நடுங்க வைப்பது பெரும்பாலும் ஈரம். உள்ளே வியர்வை, வெளியே உருகும் ஸ்னோ. இந்த இரண்டையும் உடம்பில் தங்க விடாமல் பார்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

1. காலநிலையைப் பாருங்கள்

போனில் வெப்பநிலையோடு 'வின்ட் சில்' எவ்வளவு என்றும் பாருங்கள். காற்று வீசும்போது உடம்பு உணரும் குளிர் அதுதான். அது -28க்குக் கீழே போனால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையத் தொடங்கலாம் என்று கனடாவின் சுற்றுச்சூழல் துறை எச்சரிக்கிறது. அப்படியான நாளில் விளையாட்டு வீட்டுக்குள்தான். என்னைக் கேட்டால், வெயில் எறிக்கிற, காற்றில்லாத -12 பாகை நாள் விளையாட நல்ல நாள். 0 பாகையை அண்டிய நாள்தான் தொல்லை. ஸ்னோ சதசதவென்று இருக்கும், அரை மணித்தியாலத்தில் கையுறை ஊறிவிடும்.

2. மூன்று அடுக்கு

தோலோடு ஒட்டியிருக்கும் முதல் அடுக்கில் பருத்தி வேண்டாம். பருத்தி வியர்வையை உறிஞ்சித் தனக்குள் வைத்துக்கொள்ளும். ஊர் வெக்கைக்கு அந்தக் குணம் நல்லது. இங்கே ஓடி விளையாடிய பிள்ளை நின்றதும் அந்த ஈர பெனியனே உடம்பைக் குளிர வைக்கும். மெரினோ கம்பளியில் அல்லது பொலியெஸ்ரரில் செய்த தேர்மல் மேற்சட்டையும் நீளக் காற்சட்டையும் வாங்குங்கள். உடம்போடு ஒட்டியிருக்க வேண்டும், இறுக்கக்கூடாது.

இரண்டாவது அடுக்கு ஃபிளீஸ் (மெத்தென்ற செயற்கைத் துணி) அல்லது கம்பளி ஸ்வெற்றர். குளிர் குறைவான நாளில் இதை விட்டுவிடலாம். மூன்றாவது, காற்றும் தண்ணீரும் புகாத ஜக்கெற்றும் ஸ்னோ பான்ற்ஸும். ஜீன்ஸோடு ஸ்னோவுக்குள் விடாதீர்கள். நனைந்தால் காயாது, விறைத்துப்போய் நிற்கும்.

பூட்ஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். "வளருகிற பிள்ளைதானே" என்று இரண்டு சைஸ் பெரிதாக வாங்குவது எங்கள் ஆட்களின் பழக்கம். ஜக்கெற்றில் அதைக் கொஞ்சம் பொறுக்கலாம். பூட்ஸில் அப்படிச் செய்தால் பிள்ளை தடக்கி விழும், மேல்வாயால் ஸ்னோவும் உள்ளே போகும். சின்னதாக இருந்தாலும் பிழைதான். குளிருக்கென்று இரண்டு சோடி சொக்ஸ் போட்டுத் திணித்தால் இரத்த ஓட்டம் குறைந்து விரல் இன்னும் கெதியாக விறைக்கும். ஒரு சோடி தடித்த கம்பளி சொக்ஸ், விரலை அசைக்கக் கொஞ்சம் இடம், அது போதும். உள்ளே இருக்கும் துணி உறையைத் தனியாகக் கழற்றக்கூடிய பூட்ஸாகப் பார்த்து எடுங்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

கைக்கு விரல் விரலாகப் பிரிந்த கையுறையைவிட மிற்றன்ஸ் நல்லது. நாலு விரலும் ஒன்றாக இருப்பதால் ஒன்றின் சூட்டில் மற்றது இருக்கும். ஸ்னோவுக்கு ஈரம் புகாத வகை வேண்டும், பின்னிய கம்பளி மிற்றன்ஸ் சரிவராது.

3. போடும் ஒழுங்கு

முதலில் ரொய்லெற். இதை மறந்தால் எல்லாவற்றையும் கழற்றித் திரும்ப முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

அடுத்து, பெரியவர்கள் முதலில் வெளிக்கிட வேண்டும். பிள்ளைக்கு எல்லாம் போட்டுவிட்டு நீங்கள் சாவியைத் தேடினால், பிள்ளைக்கு வாசலிலேயே வியர்த்துவிடும்.

பிறகு இந்த வரிசை: தேர்மல், சொக்ஸ், ஃபிளீஸ், ஸ்னோ பான்ற்ஸ், பூட்ஸ், ஜக்கெற், கழுத்து உறை, தொப்பி, மிற்றன்ஸ். ஜக்கெற் போட்ட பிள்ளையால் குனிய முடியாது, அதனால்தான் ஸ்னோ பான்ற்ஸும் பூட்ஸும் முன்னுக்கு வருகின்றன. ஸ்னோ பான்ற்ஸின் கால் நுனிக்குள் இலாஸ்ரிக் வைத்த இன்னொரு துணி இருக்கும். அதை பூட்ஸுக்கு மேலாக இழுத்துவிடுங்கள். பலர் அதைக் கவனிப்பதில்லை. கணுக்காலுக்குள் ஸ்னோ போகாமல் மறிப்பது அதுதான்.

ஜக்கெற்றைப் பிள்ளை தானே போட ஒரு வழி இருக்கிறது. உட்பக்கம் மேலே தெரிய நிலத்தில் விரியுங்கள். தலையுறை இருக்கும் பக்கம் பிள்ளையின் காலடியில் இருக்கட்டும். பிள்ளை குனிந்து இரண்டு கையையும் சட்டைக் கைகளுக்குள் நுழைத்து, அப்படியே தலைக்கு மேலால் பின்னுக்குத் தூக்கிப் போட்டால் ஜக்கெற் முதுகில் வந்து விழும். பாலர் வகுப்பில் இதைத்தான் பழக்குவார்கள்.

மிகச் சின்னப் பிள்ளைகளுக்கு மட்டும் மிற்றன்ஸை ஜக்கெற்றுக்கு முன்னமே போட்டு, சட்டைக் கையை அதற்கு மேலாக விடுங்கள். இழுத்துக் கழற்ற முடியாது.

4. கழுத்தைச் சுற்றி எதுவும் தொங்கக்கூடாது

சறுக்குமரத்தில் ஏறி இறங்கும்போது நீளமான ஸ்கார்ஃப், தலையுறைக் கயிறு, கழுத்தால் மாட்டிய மிற்றன்ஸ் கயிறு எல்லாம் சிக்கிக் கழுத்தை இறுக்கலாம். ஸ்கார்ஃபுக்குப் பதிலாக வளையம் போன்ற கழுத்து உறை, கயிற்றுக்குப் பதிலாகச் சட்டைக் கையில் கொழுவும் கிளிப். பாவித்த பொருட்கள் விற்கும் வேல்யூ வில்லேஜ் கடையில் நல்ல ஜக்கெற் மலிவாகக் கிடைக்கும், தாராளமாக வாங்குங்கள். பழைய மொடலாக இருந்தால் கழுத்தில் கயிறு ஓடும். வீட்டுக்கு வந்ததும் அதை உருவி எறிந்துவிடுங்கள்.

தங்கச் சங்கிலியையும் பஞ்சாயுதத்தையும் கழற்றி வையுங்கள். தோடு உலோகம், குளிரைக் கெதியாகக் கடத்தும். ஆகவே தொப்பி காது மடல் முழுவதையும் மூட வேண்டும். முகத்தில் தேங்காய் எண்ணெய் பூசினால் குளிர் ஏறாது என்று அம்மம்மாமார் சொல்வார்கள். தோல் வறளாமல் இருக்க அது உதவலாம். ஆனால் 24 பாகையிலேயே கட்டியாகிவிடும் எண்ணெய் -15இல் எந்தக் குளிரைத் தடுக்கப்போகிறது?

சிலெட்ஜில் (ஸ்னோவில் சறுக்கும் பலகையில்) சறுக்கப் போனால் ஹெல்மெற் கட்டாயம். அதற்குள் மெல்லிய தொப்பி மட்டும்.

5. காரில் ஜக்கெற்றைக் கழற்றுங்கள்

தடித்த ஜக்கெற்றோடு கார் சீற்றில் கட்டினால் பட்டி இறுக்கமாக இருப்பதுபோலத் தெரியும். மோதும்போது உள்ளே இருக்கும் பஞ்சு அமுங்கிவிடும், பட்டி தளர்ந்து பிள்ளை முன்னுக்கு வீசப்படலாம். ஃபிளீஸோடு உட்கார வைத்துப் பட்டியை இறுக்குங்கள். தோள் எலும்புக்குப் பக்கத்தில் பட்டியை விரல்களால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு வந்தால் இன்னும் இறுக்க வேண்டும். அதன் பிறகு ஜக்கெற்றைப் பட்டிக்கு மேலாகப் போர்த்திவிடலாம்.

6. வெளியே நிற்கும்போது

"குளிருதா?" என்று கேட்காதீர்கள். விளையாட்டை விட மனமில்லாத பிள்ளை இல்லை என்றுதான் சொல்லும். பிடரிக்குள் கையை விட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் உடுப்பு கூடிவிட்டது, சில்லென்று இருந்தால் காணாது.

மூக்கு, கன்னம், காது, விரல் நுனி ஆகியவற்றில் தோல் வெளிறியோ, மெழுகு பூசியதுபோலவோ, மரத்தோ இருந்தால் உடனே உள்ளே கொண்டுபோங்கள். எங்கள் தோல் நிறத்தில் வெளிறுவது எளிதில் தெரியாது, மரத்துப்போனதா என்று தொட்டும் பாருங்கள். தேய்க்க வேண்டாம், ஹீற்றருக்குப் பக்கத்தில் பிடிக்கவும் வேண்டாம், உணர்விழந்த தோல் தெரியாமலே வெந்துவிடும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் வையுங்கள். கொப்பளம் போட்டாலோ உணர்வு திரும்பாவிட்டாலோ எமர்ஜென்சிக்குப் போக வேண்டும்.

ரொறன்ரோவில் மார்கழியில் மாலை 4:40 மணியளவில் சூரியன் மறைந்துவிடும். ஜக்கெற் நிறம் கறுப்பாக இல்லாமல் கார்க்காரருக்குத் தெரிகிற நிறமாக இருக்கட்டும். ரோட்டோரம் குவித்த ஸ்னோவில் குகை தோண்ட விடாதீர்கள். அது இடிந்து மூடலாம், ஸ்னோ அள்ளும் வண்டி ஓட்டுபவருக்கு உள்ளே பிள்ளை இருப்பதும் தெரியாது.

7. வீட்டுக்கு வந்ததும்

பூட்ஸின் உள்ளுறையைக் கழற்றிச் சூட்டுக் காற்று வரும் துவாரத்துக்குப் பக்கத்தில் இரவு முழுக்கக் காய விடுங்கள். கழற்ற முடியாத பூட்ஸ் அடுத்த நாள் காலையிலும் ஈரமாகவே இருக்கும், பிள்ளையும் அதே ஈரத்தோடு பள்ளிக்கூடம் போகும். பையில் எப்போதும் இன்னொரு சோடி மிற்றன்ஸ் வையுங்கள். எல்லாவற்றின் உட்பக்கத்திலும் பிள்ளையின் பெயரை எழுதுங்கள். வகுப்பில் பாதிப்பேரிடம் அதே நீல மிற்றன்ஸ்தான் இருக்கும்.