வீட்டிலிருந்தே ஓட்டு: படிவம் 12டி முதல் துணையாள் வரை

வீட்டில் தொண்ணூறை நெருங்கும் தாத்தாவோ, படி இறங்க முடியாத அத்தையோ இருந்தால், பூத் சிலிப் கைக்கு வந்த பிறகுதான் அவர்களுடைய ஓட்டைப் பற்றி யோசிக்கிறோம். அதற்குள் வீட்டிலிருந்து ஓட்டுப் போடும் வாய்ப்பு எப்போதோ முடிந்திருக்கும். ஆகவே இந்த வேலையைத் தேர்தல் சூடு பிடிப்பதற்கு முன்பே தொடங்க வேண்டும்.

1. தகுதி உண்டா என்று பாருங்கள்

85 வயதைத் தாண்டியவர்கள், 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள மாற்றுத் திறனாளிகள். பெரும்பாலான வீடுகளுக்கு இந்த இரண்டு வகைதான் பொருந்தும். (வீட்டிலிருந்து போடுவதும் தபால் ஓட்டு வகைதான். தேர்தல் நாளன்று பணியில் இருக்கும் சில அத்தியாவசியத் துறையினருக்கும் தபால் ஓட்டு உண்டு. ஆனால் அவர்கள் அதற்கென ஒதுக்கப்பட்ட மையத்துக்குப் போய்ப் போட வேண்டும்.)

முன்பு வயது வரம்பு 80. 2024 மார்ச்சில் அதை 85 ஆக்கினார்கள். 2021 சட்டமன்றத் தேர்தலில் 81 வயதில் வீட்டிலிருந்தே ஓட்டுப் போட்ட பாட்டிக்கு, 84 வயதில் வந்த 2024 மக்களவைத் தேர்தலில் அந்த வசதி இல்லை. வயது கூடக் கூட வசதி பறிபோவது விந்தைதான், ஆனால் விதி அப்படி.

வாக்காளர் பட்டியலில் என்ன வயது இருக்கிறதோ அதைத்தான் கணக்கில் எடுப்பார்கள். அந்தக் காலத்தில் குத்துமதிப்பாக எழுதிய வயது அதில் இருந்தால், தேர்தல் இல்லாத மாதங்களிலேயே படிவம் 8 கொடுத்துத் திருத்திவிடுங்கள். மாற்றுத் திறனாளி என்ற குறிப்பைச் சேர்க்கவும் அதே படிவம்தான்.

வெளியூரில் வேலை பார்ப்பவருக்கு இந்த வழி கிடையாது. திருநெல்வேலியில் ஓட்டு வைத்துக்கொண்டு சென்னையில் வேலை பார்த்தால் பஸ் ஏறித்தான் ஆக வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமக்களும் பட்டியலில் பெயர் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் ஓட்டுப் போட பாஸ்போர்ட்டோடு நேரில்தான் வர வேண்டும்.

2. ஐந்து நாள் கணக்கு

டெல்லியில் தேர்தல் ஆணையம் பத்திரிகையாளர்களைக் கூட்டித் தேதிகளைச் சொல்வது ஒன்று. அரசிதழில் முறைப்படி அறிவிக்கை வெளியாவது வேறொன்று. உங்கள் கணக்கு தொடங்குவது இரண்டாவதிலிருந்துதான். 2024இல் தேதிகளைச் சொன்னது மார்ச் 16, அறிவிக்கை மார்ச் 20, தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு ஏப்ரல் 19. அறிவிக்கை வெளியான ஐந்து நாளுக்குள், வீட்டிலிருந்து ஓட்டுப் போட விண்ணப்பிக்கும் படிவம் 12டி போய்ச் சேர்ந்தாக வேண்டும். அதாவது, ஓட்டுப் போடும் நாளுக்குக் கிட்டத்தட்ட ஒரு மாதம் முன்பே கதவு சாத்தப்பட்டுவிடுகிறது.

3. படிவம் 12டி

வாக்குச்சாவடி நிலை அலுவலர் (எல்லாரும் பிஎல்ஓ என்பார்கள்) வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்து, நிரப்பிய பிறகு வாங்கிக்கொண்டு போவார். வரவில்லையா? 1950 என்ற எண்ணுக்குப் போன் போட்டுக் கேளுங்கள். பெயர், முகவரி, பட்டியலில் உள்ள பாகம் எண், வரிசை எண், மொபைல் எண் ஆகியவற்றை எழுத வேண்டும். மாற்றுத் திறனாளி என்றால் சான்றிதழ் நகலை இணைக்க வேண்டும்.

கையெழுத்துக்கு முன் ஒரு விஷயத்தைப் பெரியவரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இந்தப் படிவம் ஏற்கப்பட்டால் அப்புறம் வாக்குச்சாவடியில் ஓட்டுப் போட முடியாது. பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே தபால் ஓட்டு என்று குறித்துவிடுவார்கள். "பூத்துக்குப் போய் நாலு பேரைப் பார்த்துவிட்டு வருவதுதான் எனக்குத் தேர்தல்" என்பவரிடம் வற்புறுத்தி இந்தப் படிவத்தில் கையெழுத்து வாங்காதீர்கள்.

4. குழு வீட்டுக்கு வரும் நாள்

வரும் தேதியை முன்கூட்டியே தெரிவிப்பார்கள். வாக்குப்பதிவு அலுவலர்களோடு ஒரு போலீஸ்காரரும் வீடியோ எடுப்பவரும் வருவார்கள். வேட்பாளர்களின் ஆட்களும் உடன் வரலாம். வாசலில் கூட்டத்தைக் கண்டு பெரியவர் மிரளாமல் இருக்க, முன்பே சொல்லி வையுங்கள். அன்று அவர் வீட்டில் இல்லாவிட்டால் இன்னொரு முறை வருவார்கள். அதையும் விட்டால் அவ்வளவுதான்.

வரிசை இப்படிப் போகும். அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, உறுதிமொழிப் படிவத்தில் (13ஏ) கையெழுத்து வாங்குவார்கள்; அதற்கு அலுவலர் சான்றளிப்பார். பிறகு வாக்குச்சீட்டு. மேஜைமேல் மறைப்பு வைத்து, அதற்குள் பேனாவால் ஒரே ஒரு வேட்பாளருக்கு நேராகக் குறி போட வேண்டும். இரண்டு பேருக்குக் குறித்தால் செல்லாது. சீட்டில் தன் பெயரையோ கையெழுத்தையோ போட்டாலும் செல்லாது. காகிதத்தைக் கண்டால் கையெழுத்துப் போடும் பழக்கம் உள்ள பெரியவர்களுக்கு இதை இரண்டு முறை சொல்லுங்கள்.

மடித்த சீட்டு சிறிய உறைக்குள் போகும். உறுதிமொழிப் படிவம் அதற்குள் போகக் கூடாது. ஒட்டிய சிறிய உறையும் உறுதிமொழியும் சேர்ந்து பெரிய உறைக்குள் போக வேண்டும். எண்ணும் நாளில் முதலில் பார்ப்பது உறுதிமொழியைத்தான். அது சரியில்லை என்றால் சிறிய உறையைப் பிரிக்கவே மாட்டார்கள்.

குறி போடும்போது பிள்ளைகள், பேரன்கள் எல்லாரும் தள்ளி நில்லுங்கள். ஓட்டு அவருடையது.

5. வாக்குச்சாவடிக்கே போவதென்றால்

முதியவர்களும் மாற்றுத் திறனாளிகளும் வரிசையில் காத்திருக்கத் தேவையில்லை. சக்கர நாற்காலி வேண்டுமென்றால் 'சக்ஷம்' செயலியில் முன்கூட்டியே கேட்கலாம். ஓட்டு மிஷினில் வரிசை எண்கள் பிரெய்லியிலும் இருக்கும்.

பார்வைக் குறைபாட்டாலோ உடல் இயலாமையாலோ சின்னத்தை அடையாளம் காணவோ பொத்தானை அழுத்தவோ முடியாதவர், 18 வயது நிரம்பிய ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போகலாம். தேர்தல் நடத்து விதிகளில் 49என் என்ற விதி இது. துணை யார் என்பதை வாக்காளர்தான் முடிவு செய்வார். சாவடி அலுவலர்கள் யாரும் துணையாளாக முடியாது. எழுதப் படிக்கத் தெரியாது என்பது மட்டும் காரணமாகாது, சின்னம் இருக்கிறதே என்பார்கள். நடக்க மட்டும் சிரமம், பொத்தானை அவரே அழுத்துவார் என்றால், துணைக்கு வந்தவர் மறைப்புவரை கைத்தாங்கலாக வரலாம், உள்ளே வரக் கூடாது.

துணையாள் உறுதிமொழி தர வேண்டும்: இந்த ஓட்டை ரகசியமாக வைத்திருப்பேன், இன்று வேறு யாருக்கும் துணையாகப் போகவில்லை என்று. ஆகவே தாத்தா, பாட்டி இருவருக்குமே உதவி தேவைப்பட்டால் வீட்டிலிருந்து இரண்டு பேர் கிளம்புங்கள்.